எடைக் கணக்கும் இளம் பொறியாளரும்

பத்துகாஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையோரம், இரும்புக் கோட்டை போன்ற ஒன்று நீரில் நிற்பதைப் பேராக்கில் அறியாதார் சிலரே. 1938-ல் கட்டப்பெற்று 1982 வரை ஈயம் தோண்டிய மிதவை அது. மலாய்க்காரர் அதனைக் 'காப்பால் கோரேக்' என்று கப்பலாகவே வழங்குவர், அது பொருத்தமே. 4,500 டன் எடையைத் தாங்குவது 75 மீட்டர் நீளமும் 35 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் இரும்புப் பெட்டி. அப்பெட்டி ஏறத்தாழ 1.7 மீட்டர் அமிழ்ந்தால் தன் எடைக்குச் சமமான நீரை விலக்கிவிடும். (வாளித்தொடர் இறங்கும் நடுப்பிளவைக் கழித்தால் இன்னும் சிறிது கூடும்.) பள்ளி மாணவனும் போடக்கூடிய கணக்குத்தான்.

மிதக்குமா என்பது எளிய வினா. சாய்ந்தால் மீண்டும் நிமிருமா என்பதே கப்பல் வடிவமைப்பாளரின் வினா. தொழிலுக்குப் புதியவரின் முதல் ஆண்டுகள் பெரும்பாலும் இவ்வினாவுக்கான எடைக் கணக்கிலேயே கழிகின்றன. ஒவ்வொரு தகட்டின் எடையையும் கப்பலின் அடியிலிருந்து அதன் உயரத்தையும் பெருக்கிக் கூட்ட வேண்டும். அழகிய கப்பல்களை வரைந்து பெயர் பெறலாம் என்று வருபவருக்கு இது பெரிய ஏமாற்றமே. அக்கணக்கின் அருமையை இளமையிலேயே கண்டவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹென்றி வொயிட்.

1845-ல் பிறந்த வொயிட், 1859-ல் டெவன்போர்ட் கப்பல் தளத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். 1864-ல் லண்டனில் தொடங்கிய அரச கப்பற்கலைப் பள்ளியில் பயின்று, 1867-ல் முதல்வராகத் தேறிக் கடற்படைத் தலைமையகத்தின் வடிவமைப்புப் பிரிவில் அமர்ந்தார். அந்நாளில் அங்கு 'கேப்டன்' என்னும் போர்க்கப்பலைப் பற்றிய சர்ச்சை மூண்டிருந்தது. கௌப்பர் கோல்ஸ் என்ற கடற்படை அதிகாரியின் கருத்துப்படி அமைந்த கப்பல் அது. நீர்மட்டத்திற்கு மேல் 8 அடி நிற்க வேண்டிய பக்கம், கட்டுமானத்தில் எடை கூடியதால் ஏறத்தாழ ஆறரை அடியே நின்றது. அதன்மீது உயர்ந்த பாய்மரங்கள் வேறு! தலைமை வடிவமைப்பாளர் எட்வர்ட் ரீட் எச்சரித்தும் பயனில்லை.

பக்கம் தாழ்ந்தால் என்ன கேடு? கப்பல் சாயும்போது சாய்ந்த புறத்தில் கூடுதலான பகுதி நீரில் இறங்குகிறது. நீரின் உந்துவிசை அப்புறமாக நகர்ந்து கப்பலை நிமிர்த்துகிறது. மேல்தளத்தின் விளிம்பு நீரில் மூழ்கியபின் அவ்வுதவி தளரத் தொடங்கும். ரீட் வடிவமைத்த 'மோனார்க்' கப்பலின் நிமிர்வலிமை ஏறத்தாழ 40 பாகைச் சாய்வு வரை வளர்ந்தது. 'கேப்டனுக்கோ' 21 பாகையிலேயே உச்சம். 1870 ஜூலை இறுதியில் சாய்வுச் சோதனை நடந்தது. மேல்தளத்தில் எடைகளைக் குறுக்கே நகர்த்தி, எவ்வளவு சாய்கிறது என்பதைத் தூக்குக்குண்டால் அளந்து, ஈர்ப்பு மையம் எங்குள்ளது என்று கணித்தனர். அக்கணக்கு முடியுமுன்பே கப்பல் புறப்பட்டுவிட்டது.

செப்டம்பர் 6-ஆம் நாள் இரவு ஸ்பெயின் நாட்டுக் கடலோரத்தில் புயல் எழுந்தது. நள்ளிரவுக்குப் பின் 'கேப்டன்' கவிழ்ந்தது. கோல்ஸ் உட்பட 470-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிழைத்தவர் 18 பேரே. உடன் சென்ற 'மோனார்க்' அதே காற்றில் தப்பியது.

அப்போது வொயிட்டுக்கு வயது 25. பணியில் சேர்ந்து மூன்றே ஆண்டுகள். அடுத்த ஆண்டே அவரும் வில்லியம் ஜான் என்ற உடன் பணியாளரும் கப்பலின் நிலைப்பாட்டைக் கணிக்கும் முறை பற்றிக் கப்பற்கலை அறிஞர் கழகத்தில் கட்டுரை படித்தனர். பணியோடு ஆசிரியராகவும் இருந்த வொயிட், 1877-ல் கப்பற்கலைக் கையேடு ஒன்றை வெளியிட்டார். இடர் நேர்ந்த உடனே அதனைப் பாடமாக வகுத்துத் தந்த அச்செயல், அவர் கட்டிய போர்க்கப்பல்கள் பலவற்றினும் பெரிதென்று சொல்லலாம்.

1885-ல் தலைமை வடிவமைப்பாளரானார். எனினும் எடை அவரை விடவில்லை. 1900 ஜனவரியில், அவர் பொறுப்பில் கட்டப்பெற்ற அரச உல்லாசக் கப்பல் 'விக்டோரியா அண்டு ஆல்பர்ட்' உலர்துறையில் நீர் ஏற்றி மிதக்கவிட்டபோதே பெரிதும் சாய்ந்தது. மேற்பகுதியில் திட்டத்தைவிட எடை கூடியிருந்ததே காரணம். உடல்நலமும் குன்றிய வொயிட் 1902-ல் பதவியினின்று விலகினார்.