தரையில் இருக்கும்போதே எஞ்சினைச் சோதித்துவிடுங்கள்

ஈப்போவில் ஒரு லோரிப் பட்டறையில் ஆறு மாதம் தொழிற்பயிற்சி செய்தேன். அங்கே நான் அதிகம் தொட்ட பொருள் பழைய எஞ்சின்தான். சிறு லோரி முதலாளிகளுக்குப் புது எஞ்சின் கட்டுப்படியாகாது. ஜப்பானில் ஓடிய வண்டிகளைப் பாதியாக வெட்டிக் கொள்கலனில் கொண்டுவந்து விற்கும் ‘ஹாஃப் கட்’ கடைகளுக்குத்தான் போவார்கள். எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாகவே கிடைக்கும். விலையும் மலிவு.

மலிவுதான், ஆனால் அந்த எஞ்சின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஏன் வெட்டப்பட்டது, எத்தனை மாதம் மழையில் கிடந்தது என்பதைக் கடைக்காரராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. “நல்ல எஞ்சின், அப்படியே தூக்கி வைக்கலாம்” என்பார். பொய் சொல்கிறார் என்று இல்லை. அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

நான் பயிற்சியில் இருந்தபோது கேமரன் மலையிலிருந்து காய்கறி இறக்கும் ஓர் அண்ணனின் லோரி வந்தது. இசுசு என்.எச்.ஆர்., அதில் 4ஜேபி1 எஞ்சின். மலை ஏறும்போது தண்ணீர் கொதித்து, ஹெட் வெடித்து, பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. அவர் அதே வகைப் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி வந்து பட்டறைத் தரையில் இறக்கினார். கடைக்காரர் ஒரு வாரத் தவணை கொடுத்திருந்தார். அதற்குள் குறை இருந்தால் மாற்றிக் கொடுப்பார், ஆனால் எஞ்சினைத் திறந்திருக்கக் கூடாது. திறந்தால் தெரிந்துவிடும்படி போல்ட்டுகளின் மேல் மஞ்சள் பெயிண்ட் பூசியிருந்தார்கள். அண்ணனோ தினமும் வாடகை லோரிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, இன்னிக்கே ஏத்திடுங்களேன். ஒவ்வொரு நாளும் எனக்கு நட்டம்” என்றார் என்னிடம்.

எங்கள் போமன் மறுத்துவிட்டார். “ஏத்தி இறக்க ரெண்டு நாள் கூலி. ஏத்துன பிறகு கோளாறு தெரிஞ்சா மறுபடியும் ரெண்டு நாள். அதுக்குள்ள கடைத் தவணையும் முடிஞ்சிரும். ஒரு நாள் பொறுங்க.”

அந்த ஒரு நாளில் திறக்காமலே என்னென்ன பார்க்க முடியும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எஞ்சின் எண். பிளாக்கில் அடித்திருக்கும் எண் விற்பனைச் சீட்டிலும் சுங்கத் தாளிலும் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணைத் தேய்த்திருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். எஞ்சின் மாற்றினால் ஜே.பி.ஜே. பதிவில் புது எண்ணை ஏற்ற வேண்டும், அதற்கு வாகனப் பரிசோதனையும் உண்டு. தாள் இல்லாத எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சாலைக்கு உதவாது.

அடுத்து எண்ணெய். டீசல் எஞ்சினில் எண்ணெய் கறுப்பாக இருப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால் நோசலோ பம்போ ஒழுகுகிறது. அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றி எண்ணெயை ஒரு வெள்ளை பேசினில் வடித்து, வெயிலில் வைத்துப் பார்த்தோம். மின்னும் பொடி இருந்தால் அதன் நிறம் கதை சொல்லும். செம்பு நிறம் பேரிங்கின் அடித்தட்டிலிருந்து வருவது. வெள்ளியாக மின்னி, காந்தத்தில் ஒட்டாதது பெரும்பாலும் பிஸ்டன். எண்ணெய் ஃபில்டரையும் வெட்டி, உள்தாளை விரித்துப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் செம்பு இல்லை, கரி மட்டும் இருந்தது.

தண்ணீர் போகும் வாயிலும் விரல் விட்டுப் பாருங்கள். பச்சையோ சிவப்போ கூலண்ட் கறை இருந்தால் முன்பு வைத்திருந்தவர் கவனித்து ஓட்டியிருக்கிறார். செங்கல் பொடி போலத் துரு வந்தால் வெறும் குழாய்த் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

பிறகு க்ளோ பிளக்குகளைக் கழற்றி, முன்புறப் புல்லியில் நீண்ட ஸ்பானர் போட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றில்தான் எல்லா சிலிண்டரும் ஒரு முறை வேலையை முடிக்கும். எங்கேயாவது முட்டினால் பலம் கொடுக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் நின்றிருக்கலாம், வால்வு சிக்கியிருக்கலாம். புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளியும் பார்த்தோம். கிராங்கின் இந்த ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளக்கலாம். 0.1 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நலம், 0.3-ஐத் தாண்டினால் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது.

இனி முக்கியமான சோதனை, கம்ப்ரஷன். படிவம் 4 இயற்பியலில் வாயு விதிகளைப் படித்தவர்களுக்கு இது புரியும். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. 4ஜேபி1 எஞ்சினில் காற்று ஏறக்குறைய 18-இல் ஒரு பங்காக அமுக்கப்படுகிறது. அப்போது அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. காற்று எங்காவது கசிந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் சூடு குறையும். ஈப்போ வெயிலில் கிளம்பிவிடும் எஞ்சின், தானா ராத்தாவின் விடியற்காலைக் குளிரில் கிளம்பாமல் அடம்பிடிப்பது இதனால்தான். பாட்டரியைக் குறை சொல்லிப் பலர் பாட்டரி மாற்றுகிறார்கள்.

கார்களுக்கான பெட்ரோல் கேஜ் இதற்குப் போதாது, டீசலுக்கென்று தனி கேஜ் வேண்டும். முழுதாக ஏற்றிய பாட்டரி, டீசலை நிறுத்தும் சுவிட்ச் கழற்றிய நிலை, கியர் நியூட்ரல். க்ளோ பிளக் துளையில் கேஜை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினோம். நல்ல நிலையில் இந்த எஞ்சின் சதுர சென்டிமீட்டருக்கு 31 கிலோவை ஒட்டிக் காட்டும். எங்களுக்கு வந்தவை: 28, 27, 19, 28.

மூன்றாவது சிலிண்டர் விழுந்துவிட்டது. அண்ணன் முகமும்தான்.

இங்கே அவசரப்பட்டு “எஞ்சின் போச்சு” என்று சொல்லிவிடக் கூடாது. கசிவு எங்கே என்று தெரிந்தால்தான் செலவு தெரியும். ரிங்கோ லைனரோ என்றால் எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டும். வால்வு என்றால் ஹெட்டை மட்டும் தூக்கினால் போதும். இரண்டுக்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

க்ளோ பிளக் துளை வழியாக மூன்றாவது சிலிண்டரில் சிறிதளவு எண்ணெய் விட்டு மறுபடி அளந்தோம். ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அழுத்தம் ஏறும். ஒரு டீஸ்பூனுக்கு மேல் விடக் கூடாது. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே உள்ள இடம் மிகச் சிறியது, எண்ணெய் மிஞ்சினால் அமுங்க முடியாமல் கம்பியே வளைந்துவிடும். கேஜ் 20-ஐக் கூடத் தொடவில்லை. ரிங் இல்லை என்று பாதி நம்பிக்கை வந்தது.

மீதிப் பாதிக்குக் காதுதான் கருவி. மூன்றாவது பிஸ்டனை, இரண்டு வால்வும் மூடியிருக்கும் மேல்நிலைக்குக் கொண்டுவந்து, ஃபிளைவீலைப் பூட்டி, கம்ப்ரசர் காற்றை உள்ளே விட்டோம். பூட்டாமல் விட்டால் காற்று பிஸ்டனைத் தள்ளி கிராங்கைச் சுற்றிவிடும், கை போய்விடும். எண்ணெய் ஊற்றும் வாயில் காது வைத்தேன், பெரிதாகச் சத்தமில்லை. தண்ணீர் வாயில் குமிழி இல்லை, அதனால் ஹெட் கேஸ்கட்டும் தப்பித்தது. காற்று உள்ளே போகும் குழாயும் அமைதி. புகை போகும் குழாயில் ‘உஸ்’ஸென்று சீறியது. எக்ஸாஸ்ட் வால்வு.

போமன் உடனே ஹெட்டைக் கழற்றவில்லை. அளவுகளைப் படம் எடுத்து, கேஜோடு சேர்த்துக் கடைக்காரருக்கு அனுப்பச் சொன்னார். மஞ்சள் பெயிண்ட் கலையாமல் இருந்ததால் பேச இடமிருந்தது. வேறு எஞ்சின் தருகிறேன் என்றார் கடைக்காரர். அண்ணன் அதற்குச் சம்மதிக்கத் தயாராக இருந்தார். போமன் வேறு கணக்குப் போட்டார். அடுத்த எஞ்சினில் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, இதில் எண்ணெயும் கிராங்கும் மூன்று சிலிண்டரும் நன்றாக இருப்பது நமக்குத் தெரியும். வால்வு வேலைக்கான காசை விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்டார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு குறைத்தார்கள். என் மனத்தில் அன்று முழுவதும் ஓடியது இதுதான்: கையில் நான்கு எண்கள் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பேரம் நடந்திருக்காது.

பிறகுதான் ஹெட்டைத் தூக்கினோம். மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு கரியேறிக் குழிந்திருந்தது. வால்வு மாற்றி, சீட்டை மெஷின் கடையில் தேய்த்து வாங்கினோம். ஹெட் கோணியிருக்கிறதா என்று நேர்ப்பட்டையும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்தோம். லைனரில் செங்குத்துக் கீறல் இல்லை. இந்த எஞ்சினுக்கு ஹெட் கேஸ்கட் தடிமன் வாரியாகப் பல வகையில் வரும். பிஸ்டன் பிளாக்குக்கு மேல் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்துதான் வாங்க வேண்டும். கடையில் ‘4ஜேபி1 கேஸ்கட்’ என்று மட்டும் கேட்டால் கையில் கிடைத்ததைக் கொடுப்பார்கள்.

புதுப்பிக்கும் வேலையில் ஒரே கணக்குத்தான்: ஏற்றிய பிறகு எட்டாத இடத்தில் இருப்பதை இப்போதே மாற்றிவிட வேண்டும். கிராங்கின் பின்புற ஆயில் சீல் சில பத்து வெள்ளிதான், ஆனால் பிறகு ஒழுகினால் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். கிளட்ச் பிளேட், பைலட் பேரிங், முன்புற சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டேட், தண்ணீர்க் குழாய்கள், சம்ப் கேஸ்கட் எல்லாம் இதே கணக்கில் சேரும். சம்ப் கழன்றிருந்ததால் ஒரு கனெக்டிங் ராடு பேரிங்கையும் திறந்து பார்த்தோம். மங்கிய சாம்பல் நிறம், நல்லது. நோசல்களைப் பம்ப் கடைக்கு அனுப்பித் தெளிப்பைச் சோதித்து வாங்கினோம். டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் அந்தச் செலவு மிச்சம். வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.4 மில்லிமீட்டர்.

ஒன்றைப் பலர் பார்ப்பதில்லை. ஜப்பானிலிருந்து வரும் சிறு லோரிகளில் 12 வோல்ட்டும் உண்டு, 24 வோல்ட்டும் உண்டு. ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், க்ளோ பிளக் மூன்றும் உங்கள் லோரியின் வோல்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று தகட்டைப் படித்துப் பாருங்கள். இந்த எஞ்சினோடு வந்தவை 24, லோரி 12. பழைய எஞ்சினில் இருந்தவற்றைக் கழற்றி மாட்டினோம்.

பழைய ரேடியேட்டரைக் கழுவாமல் திரும்ப மாட்டவும் போமன் விடவில்லை. முதல் எஞ்சினைக் கொன்ற கொதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் இரண்டாவதை வைப்பதில் அர்த்தமில்லை என்றார். குழாய்களில் பாதி அடைத்திருந்தன.

ஏற்றி முடித்ததும், டீசலை நிறுத்தி வைத்து, எண்ணெய் அழுத்த விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரை இடைவெளி விட்டுச் சுற்றினோம். பிறகு கைப் பம்பால் டீசல் வரிசையில் இருந்த காற்றை வெளியேற்றினோம். கிளப்பும்போது நான் கையில் ஒரு பலகையோடு காற்றுக் குழாய் அருகே நின்றேன். எண்ணெய் உள்ளே கசிந்து டீசல் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகம் எடுத்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைப்பது ஒன்றே வழி, அதையும் கையால் அடைக்கக் கூடாது. பலகைக்கு வேலை வரவில்லை. இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது, கொஞ்சம் வெள்ளைப் புகை விட்டுத் தெளிந்தது.

முதல் 1,000 கிலோமீட்டரில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி பார்க்க வரச் சொல்லி அனுப்பினோம். அண்ணன் அன்றிரவே கம்போங் ராஜாவுக்குக் காய்கறி ஏற்றப் போனார்.