வணிக உறவுகளில் ஆளுமை வகைப்பாட்டின் எல்லைகள்

ஆய்வுச்சுருக்கம்

பணியாளர் தேர்வு, குழு அமைப்பு, கூட்டாளித் தெரிவு, வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவற்றில் ஆளுமை வகைப்பாட்டுக் கருவிகள் இன்று பரவலாகக் கையாளப்படுகின்றன. மனிதரைச் சில வகைகளுள் அடக்கி, அவ்வகையைக் கொண்டு அவர்தம் வணிக நடத்தையை முன்னறிய இயலும் என்பது இப்பயன்பாட்டின் அடிப்படை எண்ணமாகும். வகைப்பாடு தனிமனிதரின் விருப்பச் சாய்வை விவரிப்பது. வணிக உறவோ இருவருக்கிடையே, ஒரு குறிப்பிட்ட பொருள் குறித்து, ஒரு குறிப்பிட்ட சூழலில் நிகழ்வது. ஆதலால் முன்னதைக் கொண்டு பின்னதைத் தீர்மானிப்பது பிழையாகும் என்பதை இக்கட்டுரை உளவியல், ஒப்பந்த ஆய்வு, சட்டம், திருக்குறட் சிந்தனை ஆகியவற்றின் துணைகொண்டு விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆளுமை வகைப்பாடு, வணிக உறவு, சூழ்நிலை, காரணங்காணல், நம்பிக்கை, தெரிந்து தெளிதல்.

முன்னுரை

யாரை நம்பிக் கடன் தருவது, யாருடன் கூட்டுச் சேர்வது, யாரிடம் ஒரு பொறுப்பை ஒப்படைப்பது என்னும் வினாக்கள் வணிகத்தைப் போலவே பழமையானவை. இவற்றுக்கு விரைவாக விடை காணும் விழைவே ஆளுமை வகைப்பாட்டுக் கருவிகளுக்கு வரவேற்பைத் தந்துள்ளது. ஒரு வினாப்பட்டியலுக்கு விடையளித்தால் போதும். சில மணித்துளிகளில் ஒருவர் இன்ன வகையினர் என்னும் முடிவு கிடைத்துவிடுகிறது. இம்முடிவை நம்பி ஒருவருக்கு வேலை மறுக்கப்படலாம். ஒரு சிறு தொழிலுக்கு வாய்ப்பு கிட்டாமற் போகலாம். நம்பத்தகாத ஒருவரிடம் முதலீடு சென்று சேரலாம். எனவே இக்கருவிகள் எவற்றைக் கூறவல்லன, எவற்றைக் கூறவல்லன அல்ல என்பதை வரையறுத்துக்கொள்வது தேவையாகிறது.

வகைப்பாட்டின் தோற்றம்

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியலாளர் கார்ல் யுங் 1921ஆம் ஆண்டு வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூலில் அகநோக்கு, புறநோக்கு என்னும் பாகுபாட்டை விரிவாக முன்வைத்தார். அந்நூலின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு அமெரிக்காவைச் சேர்ந்த கேதரின் பிரிக்ஸ், அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் ஆகிய இருவரும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஒரு வினாப்பட்டியலை உருவாக்கினர். இருவருமே முறைப்படி உளவியல் பயின்றவர் அல்லர். மையர்ஸ்–பிரிக்ஸ் கருவி எனப்படும் இது, நான்கு இணைகளின் சேர்க்கையால் மனிதரைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கிறது. நிறுவனங்களில் வழங்கும் மற்றொரு கருவியாகிய டிஸ்க், வில்லியம் மார்ஸ்டன் 1928ஆம் ஆண்டு எழுதிய நூலின் நான்கு பகுப்புகளிலிருந்து பிற்காலத்தவரால் உருவாக்கப்பட்டதாகும்.

இங்கு ஒன்றைக் கருதவேண்டும். மனிதரைப் பார்த்த அளவில் வகை குறித்து ஒட்டிவிடும் பழக்கத்தை யுங் ஏற்கவில்லை. உளவியல் அனுபவங்களை ஒழுங்குபடுத்தி நோக்குவதற்கான கருத்துக் கருவியாகவே அவர் தம் பகுப்பைக் கருதினார். சிந்தனைக்குத் துணையாகப் பிறந்த பகுப்பு, நிறுவனங்களின் கைக்கு வந்தபோது மனிதருக்கு ஒட்டும் முத்திரையாயிற்று.

அளவீட்டின் எல்லை

வகைப்பாட்டின் முதற் குறை அதன் அளவீட்டில் உள்ளது. அகநோக்கு, புறநோக்கு முதலியன உயரம், எடை போன்று தொடர்ச்சியாக அமையும் பண்புகள். மக்களுள் பெரும்பாலோர் இரு முனைகளுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே இருப்பர். இத்தொடர்ச்சியை நடுவில் வெட்டி இரு கூறாக்கும்போது, வெட்டுக்கோட்டின் இருபுறமும் அடுத்தடுத்து நிற்கும் இருவர் எதிரெதிர் வகையினர் ஆகின்றனர். கோட்டை ஒட்டி நிற்பவரும் கடைக்கோடியில் நிற்பவரும் ஒரே வகையினர் ஆகின்றனர்.

இதனால் மறுதேர்வில் வகை மாறுவது இயல்பாகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் இதனை விளக்கலாம். நான்கு இணைகளுள் ஒவ்வொன்றிலும் ஒருவர் முதலில் பெற்ற எழுத்தையே மீண்டும் பெறும் வாய்ப்பு 85 விழுக்காடு எனவும், அவை ஒன்றையொன்று சாராதவை எனவும் கொள்வோம். நான்கும் மாறாதிருக்கும் வாய்ப்பு 0.85ஐ நான்கு முறை பெருக்கக் கிடைப்பது. அஃது ஏறத்தாழ 52 விழுக்காடே. ஒவ்வோர் இணையும் தனித்தனியே உறுதியாகத் தோன்றினும், அவற்றின் சேர்க்கையாகிய வகை உறுதியற்றதாகவே இருக்கும். அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகத்தின் குழு ஒன்று 1991ஆம் ஆண்டில் இக்கருவியை மதிப்பிட்டு, தொழில் வழிகாட்டலுக்கு அதனைப் பயன்படுத்துவதை நியாயப்படுத்தும் அளவுக்குத் தக்க ஆய்வுகள் இல்லை என முடிவு கூறியது.

அவ்வாறாயின், தம் வகை பற்றிய விவரிப்பு மிகப் பொருந்துகிறது எனப் பலரும் கூறுவது ஏன்? பெர்ட்ராம் ஃபோரர் 1948ஆம் ஆண்டு நிகழ்த்திய சோதனை இதற்கு விடை தருகிறது. அவர் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதப்பட்டது எனக் கூறி ஒரு விவரிப்பை அளித்தார். உண்மையில் அனைவருக்கும் தரப்பட்டது ஒரே உரை. அதன் பெரும்பகுதி சோதிட நூல் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. எனினும் மாணவர்கள் அதன் பொருத்தத்திற்கு ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் வழங்கினர். பொருந்துவதாகத் தோன்றுவது வேறு, பொருந்துவது வேறு என்பதை இச்சோதனை உணர்த்துகிறது.

முன்னறிதலின் எல்லை

வகைகளை விடுத்து, பண்புகளைத் தொடர் அளவில் மதிப்பிடும் ஐம்பெரும் பண்புக் கோட்பாடு அளவீட்டுக் குறையைப் பெரிதும் களைகிறது. மரே பாரிக், மைக்கேல் மவுண்ட் ஆகியோர் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பாய்வு, பொறுப்புணர்வு என்னும் பண்பு பலவகைத் தொழில்களிலும் பணித்திறனோடு தொடர்புடையது எனக் காட்டியது. ஆயினும் அத்தொடர்பு மிதமானதே.

இம்மிதத்தின் பொருளை வால்டர் மிஷெல் 1968ஆம் ஆண்டு எழுதிய நூல் முன்னரே சுட்டியிருந்தது. ஆளுமை அளவீட்டிற்கும் குறிப்பிட்ட ஒரு சூழலில் காணும் நடத்தைக்கும் இடையிலான தொடர்புக்கெழு பெரும்பாலும் 0.30 என்னும் அளவைத் தாண்டுவதில்லை என்பது அவர் கருத்து. அக்கெழுவின் வழி விளக்கப்படுவது நடத்தை வேறுபாட்டில் ஒன்பது விழுக்காடே. இதற்கு மறுமொழியாகச் சேமூர் எப்ஸ்டைன் 1979ஆம் ஆண்டில், பல நிகழ்வுகளின் சராசரியை எடுத்தால் மனிதரின் நடத்தை சீரானதாகவே இருக்கிறது என நிறுவினார். இவ்விரு கருத்துகளும் முரண்பட்டவை அல்ல. பண்பு நெடுங்காலச் சராசரியில் வெளிப்படும். தனியொரு நிகழ்வில் சூழ்நிலை மேலோங்கும். வணிகத்தில் நாம் எடுக்கும் முடிவோ பெரும்பாலும் தனியொரு நிகழ்வு பற்றியதே. இந்தச் சரக்கிற்குரிய பணம் இந்தத் தவணையில் வருமா என்னும் வினாவுக்குச் சராசரி விடையளிப்பதில்லை.

காரணங்காணலில் நேரும் பிழை

வகைப்பாடு குறைவாக அறிவிப்பதோடு நில்லாது, தவறாகவும் அறிவிக்கக்கூடும். பிறர் செயலுக்குக் காரணம் தேடும்போது சூழ்நிலையைக் குறைத்து மதிப்பிட்டு, இயல்பை மிகுத்து மதிப்பிடும் போக்கு மனிதரிடம் உண்டு. லீ ராஸ் 1977ஆம் ஆண்டு இதனை அடிப்படைக் காரணங்காணல் பிழை எனப் பெயரிட்டார். இதற்கு முன்னோடியாக எட்வர்டு ஜோன்ஸ், விக்டர் ஹாரிஸ் ஆகியோர் 1967ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், கட்டுரையின் நிலைப்பாடு எழுதியவர்மீது திணிக்கப்பட்டது எனத் தெரிவித்த பின்னரும், வாசித்தோர் அஃது எழுதியவரின் சொந்தக் கருத்தே என எண்ணும் பக்கம் சாய்ந்தனர்.

திருப்பூர் பின்னலாடைத் தொழிலை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அங்கு நூல் ஆடையாவதற்குள் பின்னல், சாயமிடல், அச்சிடல், தைத்தல் எனப் பல கைகள் மாறுகிறது. இவற்றுள் பலவும் ஜாப் ஒர்க் முறையில் தனித்தனிச் சிறு கூடங்களில் நடைபெறுகின்றன. தையற்கூட உரிமையாளர் ஒருவர் சாயப்பட்டறைக்குத் தரவேண்டிய தொகையை இரு மாதங்களாகத் தரவில்லை எனக் கொள்வோம். அவர் பொறுப்பற்ற வகையினர் என முடிவு செய்வது எளிது. ஆனால் ஏற்றுமதியாளரிடமிருந்து அவருக்கு வரவேண்டிய தொகை வராதிருக்கலாம். சரக்குக் கப்பலேறத் தாழ்ந்திருக்கலாம். காரணம் இயல்பு எனில் உறவை முறிப்பதே வழி. காரணம் பணச்சுழற்சி எனில் தவணையை மாற்றியமைப்பதே வழி. முதல் விளக்கத்தை வகைப்பெயர் உடனே தந்துவிடுவதால், இரண்டாம் விளக்கத்தைத் தேடும் முயற்சியே எழாமற் போகிறது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இச்சிக்கலை அணுகும் முறை கருதத்தக்கது. குறு, சிறு நிறுவனங்களிடம் சரக்கோ சேவையோ பெற்றவர் ஒப்பந்தப்படி பணம் செலுத்துவதற்கான காலம் 45 நாள்களுக்கு மேற்படலாகாது என்றும், தவறினால் வங்கி வீதத்தைப் போன்று மும்மடங்கில் கூட்டுவட்டி தரவேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. வாங்குபவர் எவ்வகை ஆளுமையினர் என அஃது ஆராய்வதில்லை. நடத்தையை நெறிப்படுத்தும் சூழலையே அமைக்கிறது.

இன்னொரு தீங்கும் உண்டு. எதிர்த்தரப்பு வணிகர் நமக்காக வினாப்பட்டியலை நிரப்பித் தருவதில்லை. எனவே பேச்சு, உடை, ஊர், குடும்பம் ஆகியவற்றைக் கொண்டு அவர் வகையை நாமே ஊகிக்கிறோம். இன்ன ஊரார் இப்படித்தான், இன்ன சாதியார் இப்படித்தான் என்னும் பழைய முன்முடிவுகள் உளவியல் சொற்களை அணிந்துகொண்டு மீண்டும் நுழைவதற்கு இவ்வூகம் வாயிலாகிறது.

உறவு என்னும் அலகு

வகை ஒருவரைப் பற்றியது. உறவு இருவரைப் பற்றியது. இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 தன் நான்காம் பிரிவில் கூட்டாண்மையை, இலாபத்தைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்டவர்களுக்கு இடையிலான உறவு என்றே வரையறுக்கிறது. ஒருவருக்கொருவர் நேர்மையுடன் நடத்தல், உண்மைக் கணக்குக் காட்டல் ஆகியவற்றை ஒன்பதாம் பிரிவு கடமையாக்குகிறது. கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமையைப் பன்னிரண்டாம் பிரிவு ஒவ்வொரு கூட்டாளிக்கும் வழங்குகிறது. நம்பிக்கை இங்கு ஒருவரின் உள்ளத்து இயல்பாக மட்டும் கருதப்படாமல், சரிபார்க்கத்தக்க ஒழுங்காக அமைக்கப்பட்டுள்ளது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில உற்பத்தியாளர்களிடையே ஸ்டூவர்ட் மெக்காலே நிகழ்த்தி 1963ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, வணிகர்கள் தம் பிணக்குகளைப் பெரும்பாலும் ஒப்பந்தச் சட்டத்தை நாடாமலே தீர்த்துக்கொள்கின்றனர் எனக் கண்டது. தொடர்ந்து வணிகம் செய்யவேண்டும் என்னும் விருப்பமும் நற்பெயர் குறித்த கவலையும் அதற்குக் காரணங்களாயின. ராபர்ட் ஆக்சல்ராடு 1984ஆம் ஆண்டு எழுதிய நூலும், ஒத்துழைப்பு நிலைபெறுவதற்கு இருவரும் மீண்டும் மீண்டும் சந்திக்க நேரும் என்னும் எதிர்பார்ப்பே அடித்தளம் எனக் காட்டுகிறது. இதன்படி, ஒரே மனிதர் நெடுநாள் வாடிக்கையாளரிடம் ஒருவாறும் இனிக் காணப்போகாத ஒருவரிடம் வேறொருவாறும் நடந்துகொள்ளக்கூடும். இரண்டிடத்தும் அவருடைய ஆளுமை வகை ஒன்றே.

தெரிந்து தெளிதல்

மனிதரைத் தேர்ந்து நம்புதல் குறித்துத் தமிழில் நெடிய சிந்தனை மரபு உண்டு. திருக்குறளின் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் ஆகிய 51, 52ஆம் அதிகாரங்கள் அரசன் வினைக்குரியாரைத் தெரிவு செய்யும் முறையைக் கூறுவன. வணிகக் கூட்டாளிகளைக் குறித்து எழுந்தவை அல்ல எனினும், அவை முன்வைக்கும் அளவைகள் இங்குப் பொருந்துகின்றன.

ஒருவரின் உயர்வையும் தாழ்வையும் உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல் அவரவர் செயலே என்கிறது 505ஆம் குறள். எல்லா வகையாலும் ஆராய்ந்து தெளிந்த பின்னரும், வினையில் ஈடுபடும்போது அதன் தன்மையால் வேறுபடுவோர் பலர் என்கிறது 514ஆம் குறள். செயல், கருவி, செய்பவர் என்னும் மூன்றையும் சேர்த்து ஆராய்ந்தே பொறுப்பளிக்க வேண்டும் என்பது 517ஆம் குறளின் கருத்து. நடத்தையை 'இச்சூழல் எனில் இந்நடத்தை' என்னும் வாய்பாட்டில் காணவேண்டும் என மிஷெல், யூச்சி ஷோடா ஆகியோர் 1995ஆம் ஆண்டு முன்வைத்த கோட்பாட்டோடு இவற்றை ஒப்பிடலாம். அது சோதனை முறையில் எழுந்தது. இது அரசியல் அறிவுரையாக எழுந்தது. எனினும், மனிதரை வினையினின்று பிரித்து மதிப்பிடலாகாது என்னுமிடத்தில் இரண்டும் சந்திக்கின்றன.

வகைப்பாட்டிற்குரிய இடம்

மேற்கூறியவற்றால் வகைப்பாடு முற்றிலும் பயனற்றது என்பது பெறப்படாது. ஒருவர் எழுத்தில் பெறுவதை விரும்புகிறார், மற்றவர் நேரிற் பேச விரும்புகிறார் என்பன போன்ற வேறுபாடுகளைக் குற்றமாகக் கருதாமல் உரையாடுவதற்கு அது சொற்களைத் தருகிறது. தொடர்பு கொள்ளும் பாங்கு அதன் எல்லைக்குள் அடங்கும். நாணயம், திறன், கடன் தீர்க்கும் ஆற்றல், இருதரப்பு நலன்களின் பொருத்தம் ஆகியவை அதன் எல்லைக்கு அப்பாற்பட்டவை. மையர்ஸ்–பிரிக்ஸ் கருவியை வெளியிடும் நிறுவனமே அதனைப் பணியாளர் தேர்வுக்குப் பயன்படுத்தலாகாது என அறிவித்துள்ளது.

எல்லைக்கு அப்பாற்பட்டவற்றை அறிய வேறு வழிகள் உள்ளன. இதே போன்ற பணியில், இதே அளவு பணம் ஈடுபட்ட இடத்தில், ஒருவர் முன்னர் எவ்வாறு நடந்தார் என்பதை அவரோடு வணிகம் செய்தோரிடம் கேட்டறியலாம். சிறிய பணியில் தொடங்கிப் படிப்படியாகப் பெருக்கலாம். கணக்கைக் காலந்தோறும் இருவரும் ஒப்புநோக்கலாம். தவறு நேர்ந்தபோது மறைக்கிறாரா, முன்வந்து தெரிவிக்கிறாரா என்பதைக் காணலாம். இவை காலம் கோருவன. அக்காலத்தை மிச்சப்படுத்தித் தருவதாகக் கூறுவதே வகைப்பாட்டின் கவர்ச்சியும் இடரும் ஆகும்.

முடிவுரை

ஆளுமை வகைப்பாடு தொடர்ச்சியான பண்புகளைச் செயற்கையாகக் கூறுபடுத்துகிறது; தனி நிகழ்வை முன்னறிவதில் வலுவற்றதாகிறது; சூழ்நிலைக் காரணங்களை மறைக்கிறது; இருவருக்குரிய உறவை ஒருவருக்குரிய இயல்பாகச் சுருக்குகிறது. அதனை உரையாடலின் தொடக்கமாகக் கொள்வதில் தவறில்லை; ஆய்வின் முடிவாகக் கொள்வதே பிழை. தவணை தவறிய வணிகரைக் காணும்போது, இவர் எவ்வகையினர் என்னும் வினாவிற்கு முன்னர், இவருக்கு என்ன நேர்ந்தது என்னும் வினா எழவேண்டும். முதல் வினாவுக்கு விடை உடனே கிடைத்துவிடும். இரண்டாம் வினாவுக்குரிய விடையை அவரிடமே கேட்டறிய வேண்டும். வணிக உறவு நிலைபெறுவதும் முறிவதும் பெரும்பாலும் அவ்வுரையாடலைப் பொறுத்தே அமைகிறது.