குஜராத்தியும் என் தங்கையின் பள்ளிக்கூடமும்

“இன்று இரவு முழுவதும் குஜராத்தி படிக்க வேண்டும்” என்று மகள் கூறியபோது, செம்பூர் வீட்டுக் கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் தலை நிமிர்ந்தார். மராத்தியும் இந்தியும் போதாதென்று கல்லூரியில் இதையும் வைத்துவிட்டார்களா என்பது அவருடைய ஐயம். மாட்டுங்காவிலுள்ள கல்லூரியொன்றில் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு பயிலும் பேத்தி சிரித்துக்கொண்டே தடித்த நூலொன்றைத் தூக்கிக் காட்டினாள். அவள் குறிப்பிட்டது மொழியை அன்று; நூலாசிரியரை.

தாமோதர் குஜராத்தி 1960ஆம் ஆண்டில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் எம்.காம். பட்டம் பெற்று, 1965இல் சிகாகோவில் முனைவரானவர். 1978இல் வெளிவந்த அவருடைய ‘பேசிக் எக்கனாமெட்ரிக்ஸ்’ நூலைப் புரட்டாமல் பொருளாதார அளவையியலைக் கடந்துவந்த இந்திய மாணவர் குறைவு. இத்துறையில் புகழ்பெற்ற மற்றொரு தொடக்கநூலை இயற்றிய ஜி. எஸ். மத்தாலாவும் பம்பாயில் புள்ளியியல் முதுகலை முடித்துச் சிகாகோ சென்றவரே. நம் நகரத்திற்கு இப்படியும் ஒரு பெருமை உண்டு என்பதை நான் அன்றுதான் அறிந்தேன்.

‘எக்கனாமெட்ரிக்ஸ்’ என்னும் பெயரை 1926இல் இட்டவர் நார்வே நாட்டு அறிஞர் ராக்னர் ஃபிரிஷ். பொருளாதாரத்திற்கான முதல் நோபல் பரிசு 1969இல் அவருக்கும் நெதர்லாந்தின் யான் டின்பெர்கனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இந்தியாவில் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமையானதும் அதே ஆண்டில்தான். இது தற்செயலான ஒற்றுமை. ஆயினும் வங்கி இதழொன்றில் எழுதும்போது குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

இப்பாடத்தைக் கண்டு அஞ்சும் மாணவர் பலர். அச்சம் கணக்கைப் பற்றியது என்றே நான் எண்ணியிருந்தேன். மகள் அதனை மறுத்தாள். சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு நடுவே மிகப் பொருத்தமான கோட்டை வரையும் மீச்சிறு வர்க்க முறை இரு நூற்றாண்டுப் பழமையுடையது. கணினி அதனை நொடியில் முடித்துவிடும். இடர்ப்பாடு சமன்பாட்டின் இறுதியில் நிற்கும் ஒற்றை எழுத்தில் உள்ளது. அதற்குப் பிழை உறுப்பு என்று பெயர். நாம் அளக்காதவை, அளக்க இயலாதவை, நினைத்தும் பார்க்காதவை அனைத்தும் அதற்குள் ஒளிந்திருக்கின்றன.

“நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், அப்பா” என்றாள்.

நான் தாராவியில் வளர்ந்தவன். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவன். என்னினும் ஏழு வயது இளையவளான தங்கையை மட்டும் ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்தார் என் தந்தை. அவள் இன்று என்னைவிடக் கூடுதலாக ஊதியம் பெறுகிறாள். அந்த வேறுபாட்டை ஆங்கிலத்தின் கணக்கில் எழுதி, தந்தையின் மீது ஒரு மனக்குறையை நாற்பது ஆண்டுகளாகச் சுமந்து வந்தவன் நான். மகளோ அடுக்கடுக்காக வினவினாள். அத்தை பள்ளியில் சேர்ந்தபோது குடும்ப வருமானம் உயர்ந்திருந்ததா? அத்தை இயல்பிலேயே படிப்பில் ஆர்வம் மிக்கவரா? அவர் வேலை தேடிய காலத்தில் மும்பையில் எத்தகைய வேலைகள் பெருகியிருந்தன? இவற்றையெல்லாம் பிழை உறுப்புக்குள் தள்ளிவிட்டு ஊதிய வேறுபாட்டை முழுவதும் ஆங்கிலத்தின் பயன் என்பது தவறு. விடுபட்ட மாறிகளால் விளையும் சாய்வு என இதனைப் பாடத்தில் குறிப்பிடுகின்றனர்.

பின்னர் அவள் ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்து வந்தாள். கைவான் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் மாட்டுங்காவை அடுத்த தாதரில் சுமார் 4,900 மராத்தியக் குடும்பங்களிடம் தகவல் திரட்டி 2006இல் வெளியிட்டது அது. 1990களில் அலுவலகப் பணிகளின் வருவாய் பெரிதும் உயர்ந்தது. எனினும் உழைக்கும் பிரிவைச் சேர்ந்த சாதிகளின் ஆண்பிள்ளைகள் தொடர்ந்து மராத்திவழிப் பள்ளிகளுக்கே அனுப்பப்பட்டனர். உறவினர் வழியே வேலை கிடைக்கும் பழைய வலையமைப்பு அவர்களை அப்பாதையிலேயே நிறுத்தியது. அவ்வலையமைப்பால் பயன் பெற்றிராத பெண்பிள்ளைகளோ விரைந்து ஆங்கிலவழிக்கு மாறினர்.

இதனைக் கேட்டதும் நான் சற்று நேரம் பேசவில்லை. தோல் பதனிடும் தொழிலில் இருந்த என் தந்தை, “பையனுக்கு மாமா பட்டறை இருக்கிறது” என்று கூறுவது வழக்கம். தாதர்க் குடும்பங்களின் கதை எங்கள் கதையாகவே தோன்றியது.

மகள் எச்சரித்தாள். அவர்கள் மராத்தியக் குடும்பங்கள், நாம் தமிழர். ஒரு வீட்டில் இருவரை ஒப்பிட்டு எதையும் நிறுவ முடியாது. அப்படியாயின் இத்தகைய வினாக்களுக்கு விடையே கிட்டாதா என்று கேட்டேன். வங்கியைப் பற்றிய ஓர் எடுத்துக்காட்டை அவள் கூறினாள்.

சிற்றூரில் வங்கிக் கிளை திறந்தால் வறுமை குறைகிறதா? கிளை உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். வளரும் ஊரைத் தேடியே வங்கி செல்லக்கூடும். ஆனால் 1977இல் ரிசர்வ் வங்கி ஒரு விதி வகுத்தது. ஏற்கெனவே வங்கி உள்ள இடத்தில் ஒரு கிளை திறக்க விரும்பும் வங்கி, வங்கியே இல்லாத நான்கு இடங்களில் கிளை திறத்தல் வேண்டும். 1990இல் அவ்விதி நீங்கியது. விதி இருந்த காலத்தில் மட்டும், வங்கிச் சேவையில் பின்தங்கியிருந்த மாநிலங்களில் சிற்றூர்க் கிளைகள் விரைந்து பெருகின. ஊரின் வளத்தைப் பொறுத்தன்றி, வெளியிலிருந்து வந்த உந்துதலால் நேர்ந்த இந்த மாற்றத்தைப் பற்றிக்கொண்டே ராபின் பர்ஜஸும் ரோகிணி பாண்டேயும் 2005இல் தம் ஆய்வை வெளியிட்டனர். சிற்றூர்க் கிளைகள் ஊரக வறுமையைக் குறைத்தன என்பது அவர்களுடைய முடிவு. அதனை மறுத்தவர்களும் உண்டு. மறுப்போரும் அதே கருவிகளைக் கையாண்டே வாதிடுகின்றனர் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதுவரை கீரையிலேயே கண்ணாக இருந்த என் தாயாரிடம் மகள் திரும்பினாள். “ஆச்சி, அப்பாவை ஏன் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தீர்கள்? பட்டறைக்காகவா?”

“பட்டறையாவது ஒன்றாவது!” என்றார் தாயார். “தமிழ்ப் பள்ளிக்கூடம் தெருமுனையில் இருந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய சாலையைத் தாண்டவேண்டும். ஆறு வயதுப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவது? அவர் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார், நான் கைக்குழந்தைக்காரி.”

“அத்தையை மட்டும் எப்படி அனுப்பினீர்கள்?”

“அதற்குள் இவன் வளர்ந்துவிட்டானே! இவன்தானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.”

அது எனக்கும் நினைவிருந்தது. மழை நாள்களில் அவளுடைய புத்தகப்பையை என் தலைமேல் வைத்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்ததும் நினைவுக்கு வந்தது.

மகளின் முகத்தில் வேறொரு மகிழ்ச்சி. அமெரிக்காவில் கல்லூரிக்கு அருகில் வளர்ந்தோரையும் தொலைவில் வளர்ந்தோரையும் ஒப்பிட்டுக் கல்வியின் பயனைக் கணிக்க முயன்றவர் டேவிட் கார்டு. 2021இல் நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர். பள்ளியின் தொலைவு ஒரு பிள்ளையின் படிப்பை மாற்றலாம். ஆனால் அறிவையோ ஊக்கத்தையோ அது தீர்மானிப்பதில்லை என்று கொள்ள இடமிருந்தால், அதுவும் வெளியிலிருந்து வரும் உந்துதலே ஆகும்.

“அப்படிக் கொள்ளலாமா என்பதுதான் கேள்வி” என்று தனக்குத்தானே கூறிக்கொண்டவள், செய்முறைத் திட்டத்திற்கான குறிப்பேட்டைத் திறந்து ‘வீட்டிலிருந்து பள்ளிக்குத் தூரம்’ என்று எழுதினாள். தாராவியில் அந்தத் தெருமுனைக்கும் அந்தப் பெரிய சாலைக்கும் எத்தனை அடி இருக்கும் என்று என்னைக் கேட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சென்று அளந்துவர எண்ணியுள்ளோம்.