பெட்டிக்குள்ளே பத்மினி!

திருவண்ணாமலை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைத் தாண்டி உள்ளே திரும்பும் ஒரு தெரு. சாலையில் கிரிவலக் கூட்டம் போகிறது. நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் சினிமா ஓடுகிறது. நண்பரின் பெயரை எழுதக் கூடாது என்பது நிபந்தனை. தெரிந்தால் இரவல் கேட்டு வந்துவிடுவார்களாம்! கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் அலமாரிச் சாவி வெளியே வந்தது. திறந்தார். அடேயப்பா!

தகரப் பெட்டி, துணி ஒட்டிய அட்டைப் பெட்டி, புத்தகம் மாதிரி விரியும் பெட்டி. ஈரத்துக்குப் பயந்து மூலைக்கு மூலை சிலிக்கா ஜெல் பொட்டலம். எல்லாம் 'கலெக்டர்ஸ் எடிஷன்' வகையறா. மோசர் பேர் கம்பெனி 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்றுத் தள்ளிய நாடு இது. இங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனத்தாருக்கு ஒரு புளூ-ரேக்கு 39.95 டாலர், அதற்கு மேல் தபால், சுங்கம் என்று அழுபவரை வீட்டில் என்ன சொல்வார்கள்? நண்பரின் மனைவியிடமே கேட்டுவிட்டேன். "சீட்டுல போட்டிருந்தா இந்நேரம் எடுத்திருக்கலாம்" என்று காபியை வைத்துவிட்டுப் போனார்.

நியாயமான கேள்விதான். அதே படம் ஓடிடியில் கிடைக்கும்போது எதற்கு இத்தனை செலவு?

பதிலாக நண்பர் எடுத்தது அலமாரியிலேயே மிகச் சாதாரணமான பெட்டி. கிரைட்டீரியன்காரர்கள் ஆடம்பரம் இல்லாமல், கூடுதல் அம்சம் எதுவும் சேர்க்காமல், சல்லிசாக வெளியிட்ட 'எக்லிப்ஸ்' வரிசையில் இரண்டாவது. 2007இல் வந்த லூயி மால் ஆவணப்படத் தொகுப்பு. இந்தப் பிரெஞ்சு இயக்குநர் 1968இல் ஒரு கேமராமேன், ஒரு ஒலிப்பதிவாளர் என இரண்டே பேரோடு இந்தியாவைச் சுற்றி 'ஃபாண்டம் இந்தியா'வை எடுத்தார். ஏழு பகுதிகள். பிபிசி அதை ஒளிபரப்பியதும் நம் அரசாங்கம் கோபித்துக்கொண்டு பிபிசியின் டெல்லி அலுவலகத்தையே மூடவைத்தது தனிக் கதை.

இரண்டாவது பகுதி முழுக்க மதராஸ். மயிலாப்பூர்த் தேர் அசைந்து வருகிறது. கலாக்ஷேத்ராவில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். நண்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று ஸ்டூடியோ வந்தது. ஐயோ, அது 'தில்லானா மோகனாம்பாள்' படப்பிடிப்பு! ஏ.பி.நாகராஜனின் படம் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, அந்தத் தளத்துக்குள் போய் ஒரு பிரெஞ்சுக்காரர் கேமராவைச் சுழலவிட்டிருக்கிறார். நம் படத்துக்கு நாம் எடுக்காத மேக்கிங் வீடியோ, அமெரிக்கப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

"இன்னும் இருக்கு" என்றார் நண்பர். இந்த முறை கனமான பெட்டி. மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'வேர்ல்ட் சினிமா ப்ராஜெக்ட்' நான்காம் தொகுப்பு, 2022. அங்கோலா விடுதலைப் போர், ஈரான், கேமரூன், ஹங்கேரி, அர்ஜென்டினா என்று ஆறு படங்கள். அவற்றில் ஒன்று நடனக் கலைஞர் உதய் சங்கரின் 'கல்பனா' (1948). எங்கே எடுத்தது? நம்ம ஜெமினி ஸ்டூடியோவில்! ஒளிப்பதிவு கே.ராம்நாத். முதன்முதலாகத் திரையில் ஆட வந்திருக்கும் சிறுமி யார்? பத்மினி! 'தில்லானா'வை விகடனில் தொடராக எழுதிய கொத்தமங்கலம் சுப்புவும் அந்த ஜெமினியில்தான் வேலை பார்த்தார். பத்மினியின் முதல் படம் ஒரு பெட்டியில், அவர் மோகனாம்பாளாக நடித்த படப்பிடிப்பு இன்னொரு பெட்டியில். இரண்டும் இருப்பது திருவண்ணாமலையில் ஒரு மாடியில்.

'கல்பனா'வைச் சீரமைத்தது இத்தாலியின் பொலோனியாவில். புனே ஆவணக் காப்பகத்திலிருந்த டூப் நெகட்டிவையும் ஒரு பிரிண்டையும் வைத்துத்தான் மீட்டார்கள். 2012இல் கான் விழாவில் திரையிட்டபோது உதய் சங்கரின் மனைவி அமலா சங்கர் நேரில் போயிருந்தார். சத்யஜித் ராயின் அபு படங்களின் கதை இதைவிடத் திகில். 1993இல் லண்டன் லேபில் தீப்பிடித்து நெகட்டிவ் கருகியது. அதே பொலோனியாக்காரர்கள் கருகிய சுருள்களை ஊறவைத்து, பிரித்து, ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் கையாலேயே செப்பனிட்டார்கள். கிரைட்டீரியனின் 2015 பெட்டியில் அந்தச் சீரமைப்பைப் பற்றிய குறும்படமும் உண்டு. கூடுதல் காசு எதற்குப் போகிறது என்று அங்கே கண்ணால் பார்க்கலாம்.

நம்ம ஊர்க் கதையும் ஒன்று கேட்டேன். இருக்கிறதே! 1938இல் ரமணாசிரமத்துக்கு வந்து மயங்கி விழுந்த சாமர்செட் மாம், பிறகு எழுதிய நாவல் 'தி ரேசர்ஸ் எட்ஜ்'. 1946இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. ரமணரை மனத்தில் வைத்து எழுதிய குரு பாத்திரத்தில் செசில் ஹம்ஃப்ரீஸ் என்ற ஆங்கிலேய நடிகர். ஜன்னலில் நிஜ மலை நிற்க, திரையில் அந்தக் குருவைப் பார்ப்பது இந்த ஊரில் மட்டுமே கிடைக்கும் வேடிக்கை.

சரி, காசு தகுமா? அண்ணாமலையார் கோயிலில் தர்ம தரிசன வரிசையும் கட்டண வரிசையும் போய்ச் சேர்வது ஒரே சந்நிதிக்குத்தான். பெட்டியும் அப்படி. வெறும் தகர உறைக்கும், நான்கு போஸ்ட்கார்டுக்கும், 'இத்தனையாவது பிரதி' என்று அச்சடித்த எண்ணுக்கும் இரட்டை விலை கேட்டால் கொடுக்காதீர்கள். படம் அதேதான். வேறெங்கும் பார்க்க முடியாத ஒன்று உள்ளே இருந்தால் கொடுக்கலாம்: நல்ல சீரமைப்பு, விவரம் தெரிந்தவர்களின் உரை, திரைக்குப் பின்னால் நடந்தது. 1984இல் கிரைட்டீரியன் 'கிங் காங்' லேசர் டிஸ்க்கில் ரொனால்ட் ஹேவர் பேசியதிலிருந்துதான் இந்த கமென்டரி வழக்கமே தொடங்கியது.

வாங்குமுன் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க டிவிடி ரீஜன் 1, நம்முடையது 5. புளூ-ரே அங்கே ஏ, இங்கே சி. பிளேயர் அதற்கேற்ப இல்லாவிட்டால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 4கே வட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஜூலையிலும் நவம்பரிலும் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிள் கடைகளில் கிரைட்டீரியன் பாதி விலைக்கு வரும். அங்கே இருக்கும் சொந்தக்காரர்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

'தில்லானா மோகனாம்பாள்' உரிமையை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். படத்தைச் சுத்தமாகச் சீரமையுங்கள். லூயி மால் எடுத்த துண்டைக் கேட்டு வாங்குங்கள். திரையில் ஒலிக்கும் நாதஸ்வரத்தை வாசித்த எம்.பி.என். சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களைப் பற்றி ஒரு படம், விகடனில் கோபுலு வரைந்த சித்திரங்களோடு ஒரு புத்தகம், எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுங்கள். என்ன விலை சொன்னாலும் முதல் பெட்டி எனக்கு.