மலையகத்தின் வாக்குரிமையும் இரு அரசுகளின் பேச்சும்

ஓர் அரசு தன் எல்லைக்குள் வாழும் மக்களின் உரிமையைப் பறிக்கும்பொழுது, அயல்நாட்டு அரசு யாது செய்தல் கூடும்? கண்டனம் தெரிவிக்கலாம், வாணிகத்தை நிறுத்தலாம், உலக மன்றத்தில் முறையிடலாம், அன்றிப் பேசித் தீர்க்க முயலலாம். இவற்றுள் எவ்வழியைக் கொள்வது என்பது நியாயத்தை மட்டும் பொறுத்ததன்று. அவ்விரு நாடுகளின் உறவையும் பொறுத்தது. நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர். நுவரெலியாத் தொகுதியில் சௌ. தொண்டமான் வெற்றி பெற்றார். மறு ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாதாயிற்று. தந்தையேனும், தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமேனும் இந்நாட்டிற் பிறந்தமையை நிறுவுதல் வேண்டும் என்றாயிற்று. லயங்களில் வாழ்ந்தோருட் பலரிடம் அதற்குரிய பதிவுச் சீட்டு ஏது? 1949 இல் வாக்குரிமையும் பிரசாவுரிமையோடு பிணைக்கப்பட்டது. அதனை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952 இல் கொழும்பில் அறவழியில் நடத்திய சத்தியாக்கிரகம் நான்கு மாதங்களுக்கு மேல் நீடித்தது. சட்டமோ மாறவில்லை.

இந்தியா என் செய்தது? தென்னாப்பிரிக்க இந்தியரின் குறையை அது 1946 இலேயே ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டு சென்றிருந்தது. அந்நாட்டுடன் வாணிகத்தையும் துண்டித்தது. இலங்கை விடயத்திலோ பேச்சு வழியையே மேற்கொண்டது. ஆயினும், தாமாக விரும்பி இந்தியப் பிரசைகளாகாத எவரையும் ஏற்கும் கடமை தமக்கில்லை என்பது நேருவின் நிலை. இலங்கையும் ஏற்கவில்லை, இந்தியாவும் ஏற்கவில்லை. இடையில் நின்றவர் நாடற்றவராயினர்.

1954 ஆம் ஆண்டு நேரு – கொத்தலாவலை உடன்படிக்கை சிக்கலைத் தீர்க்கவில்லை. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அம்மக்களின் பிரதிநிதிகளுக்கு 1964 ஆம் ஆண்டுப் பேச்சில் இடமளிக்கப்படவில்லை. கணக்கு நேராயிற்று, குடும்பங்களோ கடலின் இரு கரைகளிலும் பிரிந்தன. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொணரும் சட்டம் 2003 இலேதான் இலங்கையில் நிறைவேறிற்று.

அயலரசுகளின் பேச்சு வேண்டற்பாலதே. பகையின்றிக் காரியம் முடிக்க அதனினும் சிறந்த வழி அரிது. எனினும், எவருடைய உரிமைபற்றிப் பேசப்படுகின்றதோ, அவரையும் கேட்டபின் எழுதப்படும் ஒப்பந்தமே நீதியுடையதாகும். வாக்குரிமை வேண்டி அமர்ந்திருந்த மக்கள் கேட்டதும் அதுவே: தம்மைக் கேளாது தம்மைப்பற்றி முடிவு செய்யலாகாது என்பது.