வீட்டிலேயே 3டி பிரிண்டர்: எதில் சிக்கனம், எதில் கூடாது?

மிக்சியின் திருகு உடைந்துவிட்டது. கடையில் கேட்டால், "அந்த மாடல் பார்ட்ஸ் இப்போ வர்றதில்லை" என்கிறார்கள். சின்ன பிளாஸ்டிக் துண்டுக்காக மிக்சியையே மாற்ற வேண்டியதில்லை. 3டி பிரிண்டர் இருந்தால் அந்தத் திருகை நாமே அச்சிட்டுக்கொள்ளலாம். நடுத்தர ஸ்மார்ட்போன் விலைக்குள் அந்த பிரிண்டரையும் வீட்டிலேயே கட்டலாம்.

எப்படி மலிவானது?

பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் இந்த முறைக்கு, அமெரிக்காவின் ஸ்காட் கிரம்ப் 1989-ல் காப்புரிமை கோரினார். அது 2009-ல் முடிந்தது. அதற்கு முன்பே, 2005-ல், இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 'ரெப்ராப்' திட்டத்தைத் தொடங்கியிருந்தார். தன் பாகங்களைத் தானே அச்சிடும் இயந்திரம், வரைபடம் எல்லோருக்கும் இலவசம் என்பதே அதன் நோக்கம். இன்று வீடுகளில் கட்டப்படும் பிரிண்டர்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவைதான்.

எப்படி வேலை செய்கிறது?

இடியாப்ப அச்சை நினைத்துக்கொள்ளுங்கள். 1.75 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் இழை சூடான முனைக்குள் போய், 0.4 மி.மீ. துளை வழியாக மெல்லிய நூலாக வெளியே வருகிறது. பி.எல்.ஏ. என்ற இழைக்குச் சுமார் 200 டிகிரி வெப்பம் போதும். முனையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு சுற்றுக்கு 200 படிகள். ஒவ்வொன்றையும் டிரைவர் சிப் 16 ஆகப் பிரித்தால் 3,200. ஒரு சுற்றில் பெல்ட் 40 மி.மீ. நகர்ந்தால், ஒரு மி.மீ.-க்கு 80 படிகள். இந்த எண்ணைச் சரியாகப் பதிந்தால்தான் அளவு சரியாக வரும்.

எதில் சிக்கனம்?

மென்பொருளுக்குச் செலவே இல்லை. வரைய ஃப்ரீகேட், அடுக்குகளாகப் பிரிக்க க்யூரா, இயந்திரத்தை இயக்க மார்லின் எல்லாமே இலவசம். சட்டத்துக்கு அலுமினியமோ நல்ல பிளைவுட்டோ போதும். பிளாஸ்டிக் பாகங்களை ஏற்கெனவே பிரிண்டர் வைத்திருப்பவரிடம் அச்சிட்டு வாங்கலாம்.

எதில் கூடாது?

கரன்ட்டிலும் சூட்டிலும் காசு பார்க்காதீர்கள். வெப்ப சென்சார் கழன்று விழுந்தால், 'சூடு குறைந்துவிட்டது' என்று நினைத்து இயந்திரம் மேலும் மேலும் சூடேற்றும். தீப்பிடிக்கும் ஆபத்து இதுதான். இதைத் தடுக்கும் வெப்பப் பாதுகாப்பு வசதி மார்லினில் உள்ளது. அது இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பவர் சப்ளைக்குள் 230 வோல்ட் வருகிறது. திருகு முனைகளை மூடி, எர்த் இணைப்பு கொடுங்கள். கம்பி முனையில் ஈயம் வைத்துத் திருகினால் நாளடைவில் தளர்ந்து சூடாகும். கிரிம்ப் முனை போடுங்கள். அச்சு ஓடும்போது வீட்டைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

காரைக்காலில் கூடுதல் கவனம்

நம்ம ஊர்க் கடல்காற்றின் ஈரத்தை இழை உறிஞ்சிக்கொள்ளும். முனையில் 'பட் பட்' என்று சத்தம் வந்தால் அதுதான் காரணம். சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். இரும்புத் தண்டுகளுக்கு லேசாக எண்ணெய் தடவுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். பி.எல்.ஏ. பொருள் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நிற்கும் காருக்குள் வேண்டாம்.

வாங்கும் முன்பும் தொடங்கும் முன்பும்

மின் அடாப்டரில் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருந்தால், பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதைச் சரிபார்க்கலாம். விற்றவரிடம் தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீ விபத்து என்றால் 101 அல்லது 112.

உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்று கேளுங்கள். 2016-ல் தொடங்கிய இந்த மத்திய அரசுத் திட்டத்தில் 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவர்கள் 3டி பிரிண்டரில் பழகுகிறார்கள். திருவேட்டக்குடி என்.ஐ.டி.யிலோ வேறு கல்லூரியிலோ படிக்கும் பொறியியல் மாணவர் தெரிந்தவராக இருந்தால், முதல் முறை மின் இணைப்பு கொடுக்கும்போது கூட வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும்: உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது, பிரிண்டரில் அச்சிட்டாலும், 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். மற்றபடி, முதல் அச்சுக்கு 2 செ.மீ. கனசதுரம் ஒன்று போட்டு அளந்து பாருங்கள். அளவு சரியாக வந்தால், அடுத்தது மிக்சித் திருகுதான்!