தலையால் பந்தைத் தடுத்த 'டைகர்'!
மாகிக்குப் பக்கத்து ஊர்க்காரர் - ஒலிம்பிக் மெடல் வாங்கிய கோல்கீப்பரின் கதை

புதுச்சேரி, மாகி என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது பெட்ரோல் விலையும் 'சரக்கு' விலையும்தான். அந்த மாகியில் பஸ் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் கண்ணூர். அங்கே பர்ணசேரி என்று ஒரு பகுதி. 1947-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி அங்கே பிறந்தவர்தான் மானுவல் பிரெடெரிக். ஒலிம்பிக் மெடல் வாங்கிய முதல் கேரளாக்காரர்.

நேரு வீதியில் நாலு பேரை நிறுத்தி இந்தப் பெயரைக் கேளுங்கள். நாலு பேரும் உதட்டைப் பிதுக்குவார்கள்.

பிரெடெரிக் ஆக்கி கோல்கீப்பர். அதுவும் எப்படிப்பட்ட கோல்கீப்பர்? தலையில் ஹெல்மெட் கிடையாது. முகத்தில் முகமூடி கிடையாது. காலில் கிரிக்கெட் பேடு மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு 12 அடி அகல கோலுக்கு முன்னால் நின்றுவிடுவார். பந்து உயரமாக வந்தால் நெற்றியைக் கொடுத்து முட்டித் தள்ளுவார்!

ஆக்கி பந்து சாத்துக்குடி அளவுதான். எடை 160 கிராம் சொச்சம். ஆனால் கல்! பெனால்டி கார்னரில் அடித்தால் மணிக்கு 100 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்து வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பறக்கும் பஸ் பிச்சை வாங்க வேண்டும். அதை வெறும் தலையால் தடுத்தார் மனுஷன். 'டைகர்' என்று பட்டப்பெயர் வந்தது சும்மாவா?

நியூயார்க்கில் ரத்தம்!

அப்போது முகமூடியே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. ஐஸ் ஆக்கி என்று ஒரு விளையாட்டு. பனிக்கட்டித் தரையில் சறுக்கிக்கொண்டே ஆடுவது. அதில் பந்து கிடையாது. 'பக்' என்கிற ரப்பர் வில்லை. அதில் ஜாக் பிளாண்ட் என்று ஒரு கோல்கீப்பர். பிரெஞ்சு பேசுகிற கனடாக்காரர். மாண்ட்ரியல் அணிக்கு ஆடியவர்.

1959-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி நியூயார்க்கில் மேட்ச். (புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையை விட்டு வந்து அன்றோடு சரியாக 5 வருஷம்.) வில்லை பாய்ந்து வந்து பிளாண்ட் முகத்தைக் கிழித்தது. உள்ளே போய்த் தையல் போட்டுக்கொண்டார். "முகமூடி இல்லாமல் இனி இறங்க மாட்டேன்" என்று அடம் பிடித்தார். கோச்சுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேறு வழி இல்லை. முகமூடியோடு வந்தார், ஜெயித்தார். அதன் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள்.

அது நடந்து 10 வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் நம்ம கண்ணூர்க்காரர் வெறும் தலையோடுதான் நின்றார்.

மியூனிச் மெடல்

சிறு வயதில் பிரெடெரிக்கும் கால்பந்துதான் ஆடினார். கண்ணூரில் பிறந்த பையன் வேறு எதை ஆடுவான்? ராணுவத்தில் சேர்ந்த பிறகு பெங்களூரில் ஏ.எஸ்.சி. அணிக்கு ஆக்கி ஆடினார். 1971-ல் இந்திய அணிக்கு வந்தார்.

அடுத்த வருஷமே மியூனிச் ஒலிம்பிக். இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் பயங்கரவாதிகளால் பலியான அதே ஒலிம்பிக். போட்டிகளை நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். அரை இறுதியில் பாகிஸ்தானிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. பிறகு நெதர்லாந்தை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியது. 1973-ல் ஆம்ஸ்டர்டாம் உலகக் கோப்பையில் வெள்ளி வாங்கிய அணியிலும் அவர் இருந்தார். 1978 உலகக் கோப்பையிலும் ஆடினார்.

அதோடு சரி. ஊர் மறந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஆக்கி ஆடிக் கோடி சம்பாதிக்க முடியாது. வேலை கிடைத்தால் அதுவே பெரிசு. கோல் போட்டவன் பெயராவது பேப்பரில் வரும். கோல் விழாமல் தடுத்தவன் பெயரை யார் எழுதுவார்கள்? மத்திய அரசின் தயான்சந்த் விருது பிரெடெரிக்கைத் தேடி வந்தது 2019-ல். மெடல் வாங்கி 47 வருஷம் கழித்து! கண்ணூர் பையாம்பலத்தில் கேரள அரசு கொடுத்த வீடும் அதே வருஷம்தான் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு வயது 70-ஐத் தாண்டிவிட்டது.

பசு மாட்டை விற்ற அப்பா

கேரளாவுக்கு அடுத்த ஒலிம்பிக் மெடல் வர 49 வருஷம் ஆயிற்று. அதை வாங்கியவரும் கோல்கீப்பர்தான். எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த ஸ்ரீஜேஷ். விவசாயி மகன். கோல்கீப்பருக்கான பேடு வாங்கக் காசு இல்லை. அப்பா வீட்டுப் பசு மாட்டை விற்றார்.

2021 ஆகஸ்டு 5. டோக்கியோ. ஜெர்மனிக்கு எதிராக இந்தியா 5-4 முன்னிலை. முடிய ஏழு நொடிகூட இல்லை. ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர்! போச்சுடா என்று டி.வி. முன்னால் தலையில் கை வைத்தவர்கள் எத்தனை பேர்! ஸ்ரீஜேஷ் தடுத்தார். இந்திய ஆக்கிக்கு 41 வருஷம் கழித்து மெடல். அவர் கோல் கம்பத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

மூன்று வருஷம் கழித்துப் பாரீஸ் ஒலிம்பிக். பாரீசில் மகனோ பேத்தியோ இருக்கும் குடும்பங்கள் நம்ம ஊரில் ஏராளம். அவர்களுக்குக் கொலோம்ப் தெரிந்திருக்கும். 1924-ல் ஒலிம்பிக் நடந்த ஸ்டேடியம் அங்கேதான். அதே இடத்தில் 2024 ஆகஸ்டு 4-ந் தேதி பிரிட்டனோடு கால் இறுதி. 17-வது நிமிஷத்தில் இந்தியாவின் அமித் ரோகிதாசுக்குச் சிவப்புக் கார்டு. மீதி நேரம் முழுக்க 10 பேர்தான். ஆனாலும் 1-1. ஷூட்-அவுட்டில் 4-2 என்று இந்தியா ஜெயித்தது. ஆகஸ்டு 8-ந் தேதி ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடி வெண்கலம். அதுதான் ஸ்ரீஜேசின் கடைசி மேட்ச். அவருடைய 16-ம் நம்பர் சட்டையைச் சீனியர் அணியில் இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஆக்கி இந்தியா அறிவித்தது. அவருக்கு 2025-ல் பத்மபூஷன்.

பெரியவர் பிரெடெரிக் இந்த இரண்டு மெடலையும் பார்த்துவிட்டார். 2025 அக்டோபர் 31-ந் தேதி பெங்களூரில் காலமானார். வயது 78.

அடுத்த மாதமே ஜூனியர் உலகக் கோப்பை நம்ம பக்கத்துச் சென்னையிலும் மதுரையிலும் தொடங்கியது. இந்தியப் பையன்களுக்குக் கோச், ஸ்ரீஜேஷ். டிசம்பர் 5-ந் தேதி எழும்பூர் ஸ்டேடியத்தில் பெல்ஜியத்தோடு கால் இறுதி 2-2. மறுபடியும் ஷூட்-அவுட்! கோலில் நின்ற பையன் பெயர் பிரின்ஸ்தீப் சிங். தலையில் ஹெல்மெட், உடம்பெல்லாம் கவசம். 4-3 என்று இந்தியா ஜெயித்தது. டிசம்பர் 10-ந் தேதி அர்ஜென்டினாவை 4-2 என்று வென்று வெண்கலம் வாங்கினார்கள். டைகர் போய் அன்றோடு 40 நாள்.